டெபியன் நிறுவியின் வரலாறு

டெபியன் நிறுவி என்பது டெபியன் இயங்குதளத்தைக் கணினியில் பதிவதற்குப் பயன்படும் கட்டற்ற மென்பொருள். இதன் வடிவமைப்பு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2005 ஜூன் 6 அன்று வெளியான டெபியன் 3.1 பதிப்பில்தான் அது முதன்முதலாக அதிகாரப்பூர்வமாக இடம்பெற்றது. ஒரு கணினியில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை ஓடி, வேலை முடிந்ததும் மறைந்துவிடும் நிரல் இது. யாரும் இதற்காக டெபியனைத் தேடி வருவதில்லை. ஆனால் இது வழியில் நின்றுவிட்டால், இதற்குப் பின்னால் காத்திருக்கும் பல்லாயிரம் நிரல்களில் ஒன்றைக்கூடப் பயனர் பார்க்கப் போவதில்லை. இந்த நிரல் எப்படி எழுதப்பட்டது என்பதைப் போலவே எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதும் அறிய வேண்டிய வரலாறு.

நிறுவி எழுதுவது ஏன் கடினம்

சாதாரணச் செயலி ஒன்று ஓட இயங்குதளம் வேண்டும். நிறுவிக்கு அந்த வசதி கிடையாது. இயங்குதளமே இல்லாத இடத்துக்குத்தான் அது வந்து சேர்கிறது. கணினியை இயக்கியதும் நெகிழ்வட்டிலிருந்தோ குறுவட்டிலிருந்தோ லினக்சு கருனியும் சிறிய கோப்பு முறைமை ஒன்றும் நினைவகத்தில் ஏற்றப்படும். நிறுவி முழுவதும் அந்த நினைவகத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். வன்தட்டு இருக்கிறது, ஆனால் அதன்மேல் இன்னும் கை வைக்கக் கூடாது. அதில் பயனரின் பழைய கோப்புகள் இருக்கலாம். வலையமைப்பு இருக்கிறது, ஆனால் வலையட்டைக்கான இயக்கி நிரல் கையில் இருந்தால்தான் அதைத் தொட முடியும். அந்த இயக்கி வலையில்தான் கிடைக்கும் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

சோதிப்பது இதைவிடக் கடினம். சொற்செயலியில் வழு இருந்தால் மூடிவிட்டுத் திறந்து பார்க்கலாம். நிறுவியை ஒரு முறை சோதிக்க ஒரு வன்தட்டையே அழிக்க வேண்டியிருக்கிறது. நிரலாளரிடம் இரண்டு அல்லது மூன்று கணினிகள் இருக்கும். உலகிலோ அவர் கண்ணால் கண்டிராத தாய்ப்பலகைகளும் வட்டுக் கட்டுப்படுத்திகளும் எண்ணற்றவை. டெபியனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை அழிக்காமலே புதிய பதிப்புக்கு மேம்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. அதனால் பழைய பயனர்கள் ஆண்டுக்கணக்கில் நிறுவியின் முகத்தையே பார்ப்பதில்லை. நிறுவியில் உள்ள குறைகளை நன்கு அறிந்தவர்கள் புதிதாக வருபவர்கள். அவற்றைத் திருத்தும் திறன் உள்ளவர்கள் என்றோ உள்ளே வந்துவிட்டவர்கள்.

நெகிழ்வட்டுக் காலம்

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியன் திட்டத்தை அறிவித்தார். அவருக்குப் பின் திட்டத்தை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ், நிறுவலுக்கான துவக்க வட்டுகளைச் செய்வதில் பெரிதும் உழைத்தவர். 1.44 மெகாபைட் கொள்ளும் ஒரே நெகிழ்வட்டில் மீட்புக் கருவிகளையும் நிறுவியையும் அடக்க வேண்டும் என்பதற்காக அவர் 1995-96இல் எழுதியதே பிசிபாக்ஸ். கோப்புகளைப் படியெடுத்தல், பட்டியலிடுதல், நீக்கல் போன்ற யூனிக்சு கட்டளைகள் ஒவ்வொன்றும் தனித்தனி நிரலாக இருந்தால் இடம் போதாது. அவற்றையெல்லாம் ஒரே நிரலாகச் சுருக்கித் தைத்துவிட்டார். இன்று வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் இணைய வழிச்செலுத்திகள் பலவற்றுக்குள் ஓடுவது அதே பிசிபாக்ஸ்தான். ஒரு நெகிழ்வட்டின் நெருக்கடியில் பிறந்த பொருள் இப்படி ஊரெங்கும் பரவியது.

இந்தக் கால நிறுவிக்கு பூட்-ஃபிளாப்பீஸ் என்று பெயர். அதன் உள்ளே கேள்விகள் கேட்பதிலிருந்து வட்டைத் தயார் செய்வது வரை பெரும்பாலான வேலைகளைச் செய்தது சி மொழியில் எழுதப்பட்ட ஒரே பெரிய நிரல். அடிப்படை அமைப்பு வன்தட்டில் ஏறியதும் கணினி மறுதொடக்கம் ஆகும். அதன்பின் நிரல்களைத் தேர்ந்தெடுக்க டிசெலக்ட் என்ற கருவி திறக்கும். ஆயிரக்கணக்கான பொதிகளின் நீண்ட பட்டியலுக்கு முன்னால் புதியவரை நிறுத்திவைத்த அந்தக் கருவியைப் பற்றி அன்றைய பயனர்கள் நல்ல வார்த்தை சொன்னது குறைவு.

வெளியே நிலைமை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1999இல் கால்டெரா நிறுவனத்தின் லினக்சு, சுட்டியால் சொடுக்கி நிறுவும் வரைகலை நிறுவியோடு வந்தது. கோப்புகள் படியெடுக்கப்படும் நேரத்தில் பயனர் சலிப்படையாமல் இருக்க அதில் டெட்ரிஸ் விளையாட்டுகூட இருந்தது. அதே ஆண்டு ரெட் ஹேட் 6.1 பதிப்பு அனகோண்டா என்ற புதிய நிறுவியைக் கொண்டுவந்தது. டெபியனோ கறுப்புத் திரையில் நீலப் பெட்டிகளோடு நின்றது.

இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. 2000 ஆகஸ்டில் வந்த டெபியன் 2.2 ஆறு வகைக் கணினிக் கட்டமைப்புகளில் ஓடியது. 2002 ஜூலை 19 அன்று வந்த 3.0 பதிப்பு பதினொன்றில் ஓடியது. மேசைக் கணினி, ஆப்பிளின் பவர்பிசி, சன் நிறுவனத்தின் ஸ்பார்க், ஆல்ஃபா, ஐபிஎம் பெருங்கணினி எனப் பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றிலும் கணினி துவங்கும் முறை வேறு, வட்டைப் பிரித்துக் குறிக்கும் அட்டவணை வேறு. ஐபிஎம் பெருங்கணினியில் நெகிழ்வட்டு செருக இடமே இல்லை; வலை வழியே உள்நுழைந்துதான் நிறுவ வேண்டும். இத்தனை விதிவிலக்குகளும் அந்த ஒரே நிரலுக்குள் திணிக்கப்பட்டன. ஒரு கட்டமைப்புக்காகச் செய்த திருத்தம் மற்றொன்றை உடைக்கும். அந்த நிரலை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் ஒரு சிலரே. 3.0 பதிப்பு தாமதமானதற்கு நிறுவியும் ஒரு காரணம்.

துண்டு துண்டாக ஒரு நிறுவி

ஜோயி ஹெஸ் 2000இல் முன்வைத்த மாற்று வடிவமைப்பு எளிமையான எண்ணம் ஒன்றிலிருந்து பிறந்தது. டெபியன் என்ற இயங்குதளமே பொதிகளால் ஆனது; ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார்; யாரும் முழுவதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. நிறுவியையும் ஏன் அப்படியே கட்டக் கூடாது? வலையை அமைக்க ஒரு பொதி, வட்டைப் பிரிக்க ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, துவக்க ஏற்றியைப் பதிக்க ஒன்று. கையேடு முதலிய சுமைகளைக் கழற்றிவிட்ட இந்தக் குட்டிப் பொதிகளுக்கு யுடெப் என்று பெயர் வந்தது.

துவக்கத்தில் நினைவகத்தில் ஏறுவது மிகச் சிறிய கருவே. அது குறுவட்டையோ வலையையோ கண்டுபிடித்ததும், தனக்குத் தேவையான மற்ற யுடெப்களைத் தானே இறக்கிக்கொள்ளும். அதாவது நிறுவி முதலில் தன்னைத்தானே நிறுவிக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்யும் சிறு நிரலின் பெயர் அன்னா. முழுப் பொதி மேலாளரான ஆப்ட் அளவுக்கு இது வராது, ஆனால் நிறுவிக்குப் போதும் என்ற பொருளில் எழுதியவர்கள் வேடிக்கையாக வைத்த சுருக்கப் பெயர் அது. ஒவ்வொரு யுடெப்பும் தன் பட்டியல் எண்ணையும் தனக்கு முன் எவை முடிந்திருக்க வேண்டும் என்பதையும் தானே அறிவிக்கும். முதன்மைப் பட்டியல் அவற்றை வரிசைப்படுத்தி நடத்திச் செல்லும்.

கேள்விகளுக்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் முக்கியத்துவ அளவு உண்டு. சாதாரணமாக நிறுவுபவரிடம் மிக அவசியமான கேள்விகள் மட்டும் கேட்கப்படும். நிபுணர் முறையில் எல்லாக் கேள்விகளும் வரும். ஏதாவது ஒரு படி தோற்றால் நிறுவி அந்த அளவைத் தானாகத் தாழ்த்தி, பட்டியலைத் திறந்து காட்டும்; பயனர் அதே படியைக் கூடுதல் விவரங்களோடு மறுபடி முயலலாம். தோல்வியையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே எண்ணியிருந்தார்கள். என் கணிப்பில் இந்த நிறுவியின் மிகச் சிறந்த அம்சம் இதுதான். அழகான பின்னணிப் படத்தோடு வந்த பல நிறுவிகள் பிழை வந்ததும் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு நின்றுபோயின.

எண்ணம் நல்லதாக இருந்தும் வேலை மெதுவாகவே நகர்ந்தது. 3.0 பதிப்பு வெளியாகும்போது புதிய நிறுவி தயாராகவில்லை. பழையதையே வைத்துச் சமாளித்தார்கள். இந்த இடத்தில் நார்வே வருகிறது. 2001இல் அங்கே தொடங்கிய ஸ்கோலெலினக்சு என்ற திட்டம் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுசெல்ல முனைந்தது. மாணவர்கள் நார்வே மொழியின் இரு எழுத்து வடிவங்களிலும் வடக்குச் சாமி மொழியிலும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. பள்ளி ஆசிரியர் ஒருவர் வலையட்டையின் சில்லுப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க மாட்டார். வன்பொருளை நிறுவியே கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே அத்திட்டத்தின் பெட்டர் ரைன்ஹோல்ட்சென், டோலெஃப் ஃபோக் ஹேன் போன்றோர் புதிய நிறுவியைக் கையிலெடுத்தனர். 2003 ஜூலையில் டெபியனின் ஆண்டு மாநாடு ஒஸ்லோவில் கூடியபோது நிறுவி வேலையும் வேகம் பிடித்தது. பொதிமுறை வடிவமைப்பின் பயன் அப்போது தெரிந்தது. பல்கேரியாவின் ஆன்டன் சினோவியெவ் வட்டைப் பிரிக்கும் பார்ட்மேன் பகுதியை எழுதினார். அதற்காக அவர் நிறுவியின் மற்றப் பகுதிகளைத் தொட வேண்டியிருக்கவில்லை.

சோதனை என்னும் பெருவேலை

முதல் பீட்டா 2003 நவம்பரில் வந்தது. அதன்பின் மேலும் பல பீட்டாக்களும் வெளியீட்டு முன்வரைவுகளும் வந்து, இறுதிப் பதிப்பு வெளியாக ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 3.1 பதிப்பின் தாமதத்துக்கு நிறுவி மட்டும் காரணமல்ல. ஆனால் அந்த இடைக்காலத்தில் நடந்த சோதனை முறை கவனிக்கத் தக்கது.

டெபியனின் வழு கண்காணிப்பு அமைப்பில் ‘நிறுவல் அறிக்கைகள்’ என்றே ஒரு கணக்கு திறக்கப்பட்டது. நிறுவிப் பார்த்தவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. கணினி துவங்கியதா, வலையட்டை கண்டறியப்பட்டதா, வலை அமைந்ததா, குறுவட்டு தெரிந்ததா, வன்தட்டு தெரிந்ததா, பிரிக்க முடிந்ததா, அடிப்படை அமைப்பு ஏறியதா, துவக்க ஏற்றி பதிந்ததா எனப் படிப்படியாகக் கேட்கும். சரியாக நடந்திருந்தால் ‘ஓ’, பிழையென்றால் ‘இ’. முயலாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடலாம். கீழே தன் கருத்தை எழுத இடம் உண்டு. கணினியில் உள்ள வன்பொருள்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

எல்லாம் நன்றாக நடந்தாலும் அறிக்கை அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வழக்கமாக வழு நேர்ந்தவர்கள்தான் எழுதுவார்கள். வெற்றி பெற்றவர்கள் கணினியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குறிப்பிட்ட வட்டுக் கட்டுப்படுத்தி ஒன்றில் எந்தப் புகாரும் வரவில்லை என்றால், அது நன்றாக ஓடுகிறது என்று பொருளா, யாருமே முயலவில்லை என்று பொருளா? வெற்றி அறிக்கை இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

இந்த எச்சரிக்கை வீணல்ல என்பதை அதே காலத்தில் வேறொரு வழங்கலுக்கு நேர்ந்த அனுபவம் காட்டியது. 2004 மே மாதம் ஃபெடோரா கோர் 2 வெளியானது. விண்டோசு எக்ஸ்பி இருந்த கணினிகளில் அதைக் கூடவே நிறுவிய பலர், பிறகு விண்டோசு துவங்காததைக் கண்டு திகைத்தார்கள். கோப்புகள் அழியவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருந்தன. லினக்சு கருனியின் 2.6 வரிசை, வட்டின் வடிவியல் அளவுகளைத் தாய்ப்பலகை சொல்கிறபடி தெரிவிப்பதை நிறுத்தியிருந்தது. வட்டைப் பிரிக்கும் நிரல் தானாகக் கணக்கிட்ட அளவுகளைக் கொண்டு அட்டவணையைத் திரும்ப எழுதியது. லினக்சுக்கு அந்த எண்கள் தேவையில்லை. விண்டோசின் துவக்க நிரலோ அவற்றை நம்பியே இருந்தது. கருனி எழுதியவர் தவறு செய்யவில்லை, பிரிக்கும் நிரலை எழுதியவரும் தன்னளவில் சரியாகவே செய்தார். இருவருடைய வேலையும் ஒரு பயனரின் வட்டில் சந்தித்த இடத்தில்தான் விபத்து. கணினி முழுவதையும் லினக்சுக்கே கொடுத்துவிட்ட நிரலாளரின் மேசையில் இந்த வழு ஒருபோதும் தோன்றியிருக்காது.

தொலைவிலிருக்கும் ஒருவரின் கணினியில் என்ன நடந்தது என்று அறிய டெபியன் நிறுவி சில வசதிகளைச் செய்து வைத்திருந்தது. நிறுவல் நடக்கும்போதே ஆல்ட், எஃப்2 விசைகளை அழுத்தினால் கட்டளை முனையம் ஒன்று திறக்கும். எஃப்4 அழுத்தினால் உள்ளே ஓடும் பதிவுகள் தெரியும். நிறுவி முடிந்ததும் அந்தப் பதிவுகள் புதிய அமைப்புக்குள்ளேயே சேமிக்கப்படும். நிறுவி மறைந்த பின்னும் அதன் தடம் மறையாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

மொழி என்ற சோதனை

டெபியன் 3.1இன் நிறுவி சுமார் 40 மொழிகளில் வந்தது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தியன் பெரியே இந்த மொழிபெயர்ப்புப் பணியை ஒருங்கிணைத்தார். விதி கண்டிப்பானது. மொழிபெயர்ப்பு பாதியில் நின்றால் அந்த மொழி பட்டியலிலிருந்து நீக்கப்படும். முடித்துக் கொடுத்தால் திரும்ப வரும். நிறுவியின் நடுவே திடீரென ஆங்கிலக் கேள்வி வந்து, அதைப் புரிந்துகொள்ளாமல் பயனர் வட்டை அழிக்கச் சம்மதம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனவே இந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஆனால் தமிழுக்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதவில்லை. 3.1இன் நிறுவி எழுத்து முறைத் திரையில் ஓடியது. அந்தத் திரை கட்டம் கட்டமானது. எழுத்துக்கு ஒரு கட்டம், சீன எழுத்துக்கு இரண்டு. தமிழ் இதில் அடங்காது. ‘கொ’ என்று எழுதும்போது கணினியின் நினைவில் ககர மெய்க்குப் பிறகே உயிர்க்குறி வருகிறது. திரையிலோ அந்தக் குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துருவோடு வரிவடிவப் பொறி ஒன்றும் வேண்டும். நிறுவி கேட்கும் முதல் கேள்வியே ‘உங்கள் மொழி எது’ என்பதுதான். அந்தப் பட்டியலில் தன் பெயரையே ஒழுங்காகக் காட்ட முடியாத மொழியை அதில் சேர்த்து என்ன பயன்?

வழி 2007 ஏப்ரல் 8 அன்று வெளியான டெபியன் 4.0இல் திறந்தது. அதில் ஜிடிகே நூலகத்தைக் கொண்டு கட்டிய வரைகலை நிறுவி சேர்ந்தது. இத்தாலியரான அட்டிலியோ ஃபியான்ட்ரோட்டி அதில் பெரும்பங்காற்றினார். நிறுவியின் மொழிகள் 58 ஆயின. பார்வைக்கு அது பழைய நீலப் பெட்டிகளிலிருந்து பெரிதும் மாறிவிடவில்லை. கேள்விகளும் வரிசையும் அவையே. அழகுக்காக அல்ல, கட்டத்திரையில் எழுத முடியாத மொழிகளுக்காகவே அது முக்கியமாகத் தேவைப்பட்டது. தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம், கெமர் முதலிய மொழிகள் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. இன்றும் எழுத்து முறை நிறுவியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் தமிழ் இருக்காது; வரைகலை முறையில் மட்டுமே தெரியும்.

இந்த மாற்றத்துக்காகப் பழைய நிறுவியைத் தூக்கியெறிய வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் பகுதி தனியாக இருந்ததால் அதன் முகத்தை மட்டும் மாற்றினால் போதுமானதாயிற்று. ஃபெடோரா 2012இல் அனகோண்டாவின் முகத்தைத் திருத்தி எழுத முற்பட்டபோது 18ஆம் பதிப்பு பலமுறை தள்ளிப்போய், 2013 ஜனவரியில்தான் வெளியானது.

பின்னாளில்

உபுண்டு 2004 அக்டோபரில் வந்த தன் முதல் பதிப்பிலேயே டெபியன் நிறுவியைப் பயன்படுத்திக்கொண்டது. 2006இல் அது உபிக்விட்டி என்ற தன் சொந்த நிறுவிக்கு மாறியபோதும் வட்டைப் பிரிக்க உள்ளே ஓடியது பார்ட்மேன்தான். விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்து, மனிதர் தொடாமல் நூற்றுக்கணக்கான கணினிகளில் நிறுவும் வசதியைக் கணினிக்கூடங்களும் நிறுவனங்களும் பயன்படுத்தின. சோதனையின் ஒரு பங்கை இன்று இயந்திரங்களே செய்கின்றன. ஓப்பன்சூசே திட்டத்தில் உருவான ஓப்பன்கியூஏ என்ற கருவி, மெய்நிகர்க் கணினியில் நிறுவியை ஓட்டி, ஒவ்வொரு திரையையும் படமெடுத்து, எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிடும். டெபியனும் ஃபெடோராவும் அதைப் பயன்படுத்துகின்றன. மெய்நிகர்க் கணினியின் வலையட்டை எப்போதும் ஒழுங்காக வேலை செய்யும் என்பதுதான் அதன் குறை.

உழைத்தவர்கள் சிலர் இன்று இல்லை. எம்ஐபிஎஸ் கட்டமைப்புக்கு நிறுவியைக் கொண்டுசென்ற தீமோ சொய்ஃபர் 2008 டிசம்பரில் விபத்தில் இறந்தார். அடுத்து வந்த டெபியன் 5.0 அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. நிறுவியின் வெளியீடுகளையும் நிறுவல் கையேட்டையும் பல ஆண்டுகள் சுமந்த நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் பாப் 2010 ஆகஸ்டில் மறைந்தார்.

நீண்ட நாள் மனக்குறை ஒன்று 2022இல் வாக்கெடுப்புக்கு வந்தது. கம்பியில்லா வலையட்டைகள் பலவற்றுக்கு அவற்றின் தயாரிப்பாளர்கள் தரும் நிலைபொருள் வேண்டும். அது கட்டற்றது அல்ல. கொள்கைப்படி டெபியன் அதைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவி வட்டில் சேர்க்காமல் இருந்தது. விளைவு, மடிக்கணினி வைத்திருந்த புதியவர் நிறுவலின் நடுவே வலையில்லாமல் நின்றார். சேர்க்கலாம் என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். அதற்காகத் திட்டத்தின் சமூக ஒப்பந்தத்திலேயே திருத்தம் செய்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12 அந்த நிலைபொருளோடு வெளியானது. எதெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்பதைப் பயனர் அறியலாம், வேண்டாமென்றால் தவிர்க்கலாம். கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று வருந்தியவர்களும் உண்டு. வருத்தத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் வலை கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் அந்தக் கொள்கையைப் பற்றி அறியும் வாய்ப்பையே இழந்தார்கள்.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13இல் 32 பிட் மேசைக் கணினிகளுக்கான ஐ386 கட்டமைப்புக்கு நிறுவி இல்லை; தனிக் கருனியும் இல்லை. 64 பிட் கணினிகளில் பழைய நிரல்களை ஓட்டுவதற்கு மட்டும் அதன் பொதிகள் தொடர்கின்றன. 1993இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கியது அந்த வகைக் கணினிக்காகத்தான்.